அப்பா வரும் வரை தூங்காத பிள்ளை

கேள்வி: என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான், நாலு வயது. வகுப்பில் சிரித்துக்கொண்டே இருப்பவன் க்ரேயான் உடைந்தால் கதறுகிறான், பக்கத்துப் பையனைக் கிள்ளிவிட்டு உடனே அவனையே கட்டிக்கொள்கிறான், சமாளிக்க முடியவில்லை என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறார். வீட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை. காலை ஏழேகாலுக்கு வேன். அவன் அப்பா பனியன் கம்பெனியிலிருந்து வர ராத்திரி பத்தரை ஆகும், அவரோடு கொஞ்சம் விளையாடிவிட்டுத்தான் தூங்குவான். டாக்டரிடம் காட்டலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: டாக்டர் அப்புறம். பத்தரைக்கு அப்பா வந்து, ஆட்டம் முடிந்து, பிள்ளை கண்ணை மூடப் பதினொன்றாவது ஆகும். ஏழேகால் வேனுக்கு ஆறு மணிக்கே எழுப்பியாக வேண்டும். ஏழு மணி நேரம்! மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இதில் எந்தக் குறையும் வைக்கவில்லையாம்.

அந்த வயதில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரத்தான் செய்யும், ஆத்திரத்தை அடக்குகிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயதைத் தாண்டிவிடும். இருக்கிற கொஞ்சநஞ்ச நிதானமும் தூக்கம் கெட்டால் போய்விடுகிறது. நாம் தூக்கம் வந்தால் சோர்ந்து விழுவோம், குட்டிகள் பல நேரம் அதற்கு நேர்மாறாக ஆட்டம் போடும். பத்தரைக்கு அவன் குதிப்பதைப் பார்த்து, இவனுக்குத் தூக்கமே வரவில்லை என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

சரி, இந்த விளையாட்டு யாருக்காக? நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவருக்குப் பிள்ளை முகம் பார்க்கிற ஆசை இருக்கும், தப்பே இல்லை, ஆனால் அந்த ஆசைக்கு விழித்திருக்க வேண்டியது அவர்தானே தவிர நாலு வயசுப் பையன் இல்லை. ஷிப்மென்ட் அவசரம் எல்லாம் எனக்கும் தெரியும். காலையில் ஆறு மணிக்கு அவர் எழுந்திருக்கட்டும். பல் தேய்த்துவிட்டு, குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, வேன் ஏற்றுவது வரை இனி அப்பா வேலை, அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர்கள் இருவருக்கும்தான்.

எட்டு மணிக்கே விளக்கை அணையுங்கள். முதல் நாளே நடக்காது, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே வாருங்கள், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியும் போனும் கட். மிஸ்ஸிடமும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், பாவம், அவர் பையனைத்தான் குறை நினைத்துக்கொண்டிருப்பார். நேரம் சரியாகி நாலு வாரம் கழித்தும் டைரியில் இதே வந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும், இந்தப் பக்கத்தையே அவரிடம் நீட்டுங்கள்.