புடவைக்குள் முழங்கால்

அன்புள்ள ஐயா,

பெருந்துறையில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீடு வரவே எட்டரை ஆகிவிடும். அதனால் லேப்டாப் கேமரா முன் நின்று ஆடுகிற ஒரு விளையாட்டை ப்ராஜெக்டாகச் செய்தேன். உட்கார்ந்து எழுந்தால் திரையில் ஒரு தேங்காய் கூடைக்குப் போகும். கேமராப் படத்தில் உடம்பின் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் என்ற மென்பொருளை வைத்து முழங்கால் மடிவதை அளக்கிறேன். ஹாஸ்டலில் நன்றாக ஓடியது. அம்மா இரண்டு நாள் ஆடினார், மூன்றாம் நாள் விட்டுவிட்டார். "நல்லா உக்காந்தாலும் எண்ண மாட்டேங்குது. பகலெல்லாம் குனிஞ்சது பத்தாதா கண்ணு?" என்கிறார். லெவல், பரிசு எல்லாம் கூட்டினால் ஆடுவாரா?

கே.

அன்புள்ள தம்பி,

லெவலைத் தொடாதீர்கள். அம்மா இரண்டு புகார் சொல்லியிருக்கிறார், இரண்டும் நியாயம்.

ஹாஸ்டலில் ஆடியவர்கள் அரைக்கால் டிராயரில் ஆடியிருப்பார்கள். அம்மா புடவையில் ஆடுகிறார். மீடியாபைப் உடம்பில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது, மறைந்திருப்பதை ஊகித்துக்கொள்கிறது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாகத் தொங்கும்போது முழங்கால் எங்கே என்பது அதற்கு வெறும் ஊகம்தான். போதாததற்கு அம்மா திரையைப் பார்த்து நிற்கிறார். மடியும் முழங்கால் கேமராவை நோக்கி முன்னே வருகிறது. ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் சரியாகத் தெரியாது.

2010ல் வந்த கினெக்ட் என்ற விளையாட்டுக் கேமரா, அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி ஆழத்தை அளந்தது. எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தது. ஒருவர் ஆட ஆறடி தள்ளி நிற்க வேண்டும், இருவர் என்றால் எட்டடி. சோபாவைத் திண்ணைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடினோம். நாலாம் நாள் சோபா உள்ளே வந்துவிட்டது, விளையாட்டு பரணுக்குப் போனது. உங்கள் அம்மாவுக்கு லேப்டாப் முன் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சரி, முழங்காலை விடுங்கள். புடவை மறைக்காதது தோள். தோள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், தோள்களின் அகலத்தையே அளவுகோலாக வையுங்கள். அப்போது கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் கணக்கு பிசகாது. தொடக்கத்தில் அம்மாவை மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்லி, அவரால் முடிகிற ஆழத்திலேயே எல்லையை வையுங்கள். இறங்கியதற்கு ஓர் எல்லை, எழுந்ததற்கு அதைவிட மேலே இன்னொன்று. ஒரே கோடாக வைத்தால், கோட்டருகே உடம்பு லேசாக ஆடினாலே ஒன்றை மூன்றாக எண்ணும். (முழங்கால் வலி இருந்தால் எவ்வளவு மடக்கலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.)

அடுத்த புகார்தான் எனக்குப் பிடித்தது. நாள் முழுக்க மெஷின் முன் உட்கார்ந்தவரை வீட்டிலும் தேங்காய் பொறுக்க விட்டிருக்கிறீர்கள். அது இன்னொரு ஷிப்ட் தம்பி. உங்கள் ஊர்ப்பக்கம் கோயில் மைதானங்களில் வள்ளிக் கும்மி ஆடுகிறவர்களைப் பாருங்கள். பகலெல்லாம் உழைத்த அதே பெண்கள்தான் குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி மணிக்கணக்காக ஆடுகிறார்கள். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. 1998ல் ஜப்பானில் கொனாமி கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற வீடியோ விளையாட்டில் அம்புக்குறிகளை மிதித்து வியர்த்தவர்களும் பாட்டுக்காகத்தான் ஏறினார்கள்.

கும்மி உங்கள் கேமராவுக்கும் சுலபம். இரண்டு மணிக்கட்டும் நெருங்கினால் கைதட்டு, தோள் இறங்கினால் குனிவு. சுற்றித் திரும்புவதற்கு மட்டும் மதிப்பெண் வைக்காதீர்கள், முதுகு காட்டும்போது இடது வலது குழம்பக்கூடும். படம் திரைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும், அதனால் தாளத்துக்கு முன்பின் விழும் தட்டையும் சேர்த்துக்கொள்ளட்டும். பாட்டை இணையத்தில் தேட வேண்டாம். அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் பாடச் சொல்லி போனில் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், அம்மா நிற்கும் இடத்துக்குப் பின்னால் டியூப்லைட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேமராவுக்கு அவர் வெறும் நிழல்தான்.