ரூபி பார்ப் குஞ்சு வைக்கலையா? மழையைத் தொட்டிக்குள்ள கொண்டு வாங்க

ஹட்டன்ல தொட்டியில வளர்க்கிற கறுப்பு ரூபி பார்ப் மீன் குஞ்சே வைக்கல, ஆணுக்கு நிறமும் ஏறலன்னு கேட்டிருந்தீங்க. நோயா இருக்கும்னு எனக்குத் தோணல. வருசம் முழுக்க ஒரே தண்ணி, ஒரே தீனின்னா அதுக்குக் காலம் எப்படித் தெரியும்? சின்ன ஓடை மீன் பலதுக்கும் மழைதான் அழைப்பு: புதுத் தண்ணி வரும், கொஞ்சம் குளிரும், புழு பூச்சி பெருகும்.

ஆணையும் பெண்ணையும் பிரிச்சு, ரெண்டு வாரம் நுளம்புக் குடம்பி தாராளமா போடுங்க. அப்புறம் ஒரு சாயங்காலம் சேர்த்துவிட்டு, கால் பங்கு தண்ணிய எடுத்துட்டு மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி ஊத்துங்க. குளோரின் போட்ட குழாய்த் தண்ணி வேணாம். ஹீட்டர் 24 பாகையில இருக்கட்டும். நம்ம ஊர் ராக்குளிர் ஆகாது. ஆணுக்கு முன்பாதி சிவந்து பின்பாதி கறுத்தா, விடியக்காலையில முட்டை விடுதான்னு பாருங்க.

ஒண்ணு சொல்லணும்: ஏற்கனவே முட்டை போட்டு, அதுகளே தின்னிருக்கலாம்! கப்பி மாதிரி குட்டி போடுற மீன் இல்லையே இது. முட்டை அதுக வாய்க்கு எட்டாம இருக்க, அடியில கோலிக்குண்டு பரப்பி, ஜாவா பாசி போடுங்க. முட்டை விட்டதும் பெரிசுகளை எடுத்துடுங்க. ஒரு நாள், ஒன்றரை நாள்ல பொரிக்கும்.

ஜோடி வேணும்னு ஓடையில மட்டும் வலை போடாதீங்க. இலங்கைக்கே உரிய மீன் அது, வளர்த்தவங்ககிட்ட வாங்குங்க.