ஷோடனும் பைதானும்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

சில வாரங்களாக வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஷோடன் பற்றியவைதான். தஞ்சாவூர்க் கல்லூரி விடுதியிலிருந்தும் வருகின்றன, வேதாரண்யம் இறால் பண்ணையிலிருந்தும் வருகின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஜான் மாதர்லி 2009-ல் தொடங்கிய தேடுபொறி இது. கூகுள் வலைப்பக்கங்களைத் தேடும்; ஷோடன் இணையத்தில் பதில் சொல்லும் கருவிகளைத் தேடும். கேமரா, ரூட்டர், சர்வர் எதுவானாலும் அதன் போர்ட்டை, அதாவது எண்ணிட்ட இணைப்பு வாசலை, தட்டிப் பார்த்து, அது திருப்பிச் சொன்னதைத் தேதியோடு சேமித்து வைக்கும். திருப்பிச் சொன்ன அந்தப் பதிலைத்தான் பேனர் என்கிறோம். இந்தச் சேமிப்பைப் பைதானிலிருந்து கேட்க, ஷோடன் என்ற பெயரிலேயே ஒரு லைப்ரரி இருக்கிறது.

கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

உபுண்டுவில் பிப் வைத்து ஷோடனை இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. என்ன செய்வது சார்?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

இது ஷோடன் கோளாறு இல்லை தம்பி. புதிய உபுண்டு, டெபியன் பதிப்புகளில் சிஸ்டத்துக்கென்று உள்ள பைதானில் பிப் கை வைக்க முடியாது. 'வென்வ்' மூலம் ப்ராஜெக்ட்டுக்குத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதை ஆக்டிவேட் செய்துவிட்டு பிப் ஓட்டுங்கள், சரியாகிவிடும். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். அது மற்ற கருவிகளையும் கெடுத்துவிடக்கூடும், வேண்டாம்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய நிரலில், ஷோடன் உங்கள் கணக்கை அடையாளம் காணும் ரகசியக் குறியீடான ஏபிஐ கீ இரண்டாவது வரியிலேயே கிடக்கிறது. அதே கோப்பை கிட்ஹப்பில் ஏற்றியிருந்தால், ஷோடன் கணக்குப் பக்கத்துக்குப் போய் இன்றைக்கே கீயை ரீசெட் செய்யுங்கள். கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கினால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். புதுக் கீயை என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துக்கொண்டு, நிரல் ஓடும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது இலவசக் கணக்கு. ஒரு ஐபியைக் கொடுத்து 'ஹோஸ்ட்' கேட்டால் பதில் வருகிறது. நாட்டின் பெயரை ஃபில்டராகப் போட்டு 'சர்ச்' செய்தால் 'அக்சஸ் டினைடு' என்கிறது. கீ தவறா?
— கும்பகோணம்

கீ சரிதான், கிரெடிட்தான் இல்லை. ஃபில்டர் போட்டுத் தேடினாலோ, முதல் பக்கத்தைத் தாண்டிப் போனாலோ குவெரி கிரெடிட் செலவாகும். ஒரு பக்கத்தில் 100 முடிவுகள்; பக்கத்துக்கு ஒரு கிரெடிட். ஒருமுறை 49 டாலர் கட்டி உறுப்பினரானால் மாதம் 100 கிரெடிட் கிடைக்கும். மாணவராக இருந்தால் கல்லூரி மின்னஞ்சலில் பதிந்துகொண்டு சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

உறுப்பினரான பிறகும் கையிருப்பைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். 'கவுண்ட்' என்ற ஃபங்ஷன் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லும், கிரெடிட் கேட்காது. அதிலேயே ஃபேசெட் கேட்டால் எந்தப் போர்ட்டில் எத்தனை, எந்த நிறுவனத்தில் எத்தனை என்று பிரித்தும் தரும். ப்ராஜெக்ட் அறிக்கைக்கு வேண்டிய கணக்குப் பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். மீதி எவ்வளவு இருக்கிறது என்று 'இன்ஃபோ' காட்டும்.

பணமே கட்ட முடியாதென்றால் ஷோடனின் இன்டர்நெட்டிபி இருக்கிறது. அதற்குக் கீயும் வேண்டாம். ஒரு ஐபியைக் கொடுத்தால் திறந்த போர்ட்டுகள், ஹோஸ்ட் பெயர்கள், இருக்கக்கூடிய குறைபாடுகள் வரும். வாரம் ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். வணிகம் சாராத பயனுக்கு மட்டுமே இலவசம்.

எங்கள் ரைஸ் மில்லில் சிசிடிவி இருக்கிறது. அப்பா வெளியூர் போனாலும் போனில் பார்ப்பார். கேமரா போட்டுக் கொடுத்தவர் ரூட்டரில் ஏதோ போர்ட்டைத் திறந்துவிட்டுப் போனார். ஷோடனில் எங்கள் கேமரா தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?
— மன்னார்குடி

வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஷோடனில் முதலில் தேட வேண்டியது நம்முடைய முகவரியைத்தான். சம்பா அறுவடை நேரத்தில் எடை மேடையும் கிடங்கும் இராப்பகலாக ஓடும்போது கேமரா இல்லாமல் முடியாது. அந்தக் காட்சியை யாரெல்லாம் பார்க்கலாம் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மில்லின் இணைப்பில் உட்கார்ந்துகொண்டு, லைப்ரரியில் உள்ள 'மைஐபி'யை ஓட்டுங்கள்; உங்கள் பொது ஐபி கிடைக்கும். அதை ரூட்டர் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று காட்டுவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறீர்கள். அங்கே ஷோடன் எதைக் காட்டினாலும் அது உங்களுடையது என்று சொல்ல முடியாது. ரூட்டரில் திறந்த போர்ட்டும் வெளியிலிருந்து பார்த்தால் திறக்காது.

பொது ஐபி இருந்தால் 'ஹோஸ்ட்' கேளுங்கள். வரும் பதிலில் 'டேட்டா' என்ற பட்டியலில் போர்ட்டுக்கு ஒரு பதிவு இருக்கும். 554 என்றால் ஆர்டிஎஸ்பி, கேமராக் காட்சி ஓடும் வழி. 8000 ஹிக்விஷன் கருவிகளிலும் 37777 தாஹுவா கருவிகளிலும் வழக்கமாக இருப்பவை. 554-க்கு நேரே 'ஆர்டிஎஸ்பி 1.0, 200 ஓகே' என்று பார்த்ததும் காட்சி ஊருக்கே திறந்து கிடக்கிறது என்று பதற வேண்டாம். 'உனக்கு என்னென்ன கட்டளை தெரியும்' என்ற கேள்விக்குப் பல கேமராக்கள் பாஸ்வேர்ட் கேட்காமலே பதில் சொல்லும், அந்த 200 அதுதான். பதிவோடு ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால், அப்போது பதறுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் 'டைம்ஸ்டாம்ப்' இருக்கும், யுடிசி நேரத்தில். அதைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ரூட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடும் இணைப்புகள் நம் பக்கம் நிறைய. ஷோடன் போன வாரம் பார்த்தபோது அந்த முகவரி வேறு யாரிடமோ இருந்திருக்கலாம். 'இந்த ஐபி பற்றித் தகவல் இல்லை' என்று வந்தாலும் பத்திரம் என்று பொருளில்லை, இதுவரை பதிவாகவில்லை என்பது மட்டுமே.

தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு, கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்க விடும் யுபிஎன்பி-யையும் அணையுங்கள். டிவிஆரின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்பா பார்ப்பதற்கு வயர்கார்டு போன்ற விபிஎன் ஒன்றை ரூட்டரிலோ ஒரு சின்னக் கணினியிலோ போட்டுக்கொள்ளலாம். மிராய் என்ற தீநிரல் 2016-ல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் வளைத்துப் பிடித்தது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். 2021-ல் வெளிவந்த சிவிஇ-2021-36260 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைபாடுகளுக்குத் தரும் பொது எண்) என்ற ஹிக்விஷன் குறைபாட்டுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. பாஸ்வேர்ட் மாற்றினால் மட்டும் போதும் என்று நான் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

'சிட்டி' ஃபில்டரில் திருவாரூர் என்று போட்டால் கொஞ்சம்தான் வருகிறது. இவ்வளவு குறைவாகவா கருவிகள் இருக்கும்?
— திருவாரூர்

இருக்காது. ஐபியை ஊரோடு பொருத்துவது ஒரு மதிப்பீடுதான். இணைப்பு தரும் நிறுவனம் தன் முகவரித் தொகுதியைச் சென்னையில் பதிந்திருந்தால், திருவாரூரில் எரியும் மோடமும் சென்னைக் கணக்கில் போகும். எழுத்துக்கூட்டல் மாறினாலும் விட்டுப்போகும். 'டெல்டா மாவட்டங்களில் இத்தனை கருவிகள்' என்று இதை வைத்து அறிக்கை எழுதாதீர்கள். குறிப்பிட்ட நிறுவனத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்களுடைய ஐபி தொகுதியை 'நெட்' ஃபில்டரில் கொடுங்கள்.

இறால் குட்டையில் ஏரேட்டரைப் போனிலிருந்து ஓட்ட ஒருவர் கருவி செய்து கொடுத்தார். எங்கள் ஐபியை ஹோஸ்ட் கேட்டால் 1883 போர்ட் வருகிறது, 'கனெக்‌ஷன் கோட் 0' என்றும் கீழே எங்கள் குட்டைகளின் பெயர்களும் வருகின்றன. இது ஆபத்தா?
— வேதாரண்யம் பக்கம்

ஆமாம், ஆபத்துதான். இதைப் படித்ததும் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். 1883 எம்க்யூடிடி போர்ட்; கருவிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை அது, அந்தச் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் நிரல்தான் புரோக்கர். கோட் 0 என்றால், பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் வந்த ஷோடனை உங்கள் புரோக்கர் உள்ளே விட்டுவிட்டது என்று பொருள். நீங்கள் பார்த்த குட்டைப் பெயர்கள் டாபிக்குகள், அதாவது அந்தச் செய்திகளின் தலைப்புகள். அவற்றை வேறு யாராவது வாசிக்கலாம். எழுதவும் விட்டிருந்தால் ஏரேட்டரை நிறுத்தவும் செய்யலாம். விடியற்காலையில்தான் குட்டையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால் ஒரு போக இறாலும் போய்விடும்.

புரோக்கர் மாஸ்கிட்டோ என்ற மென்பொருளாக இருந்தால் 2.0 பதிப்புக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள். அதிலிருந்து, வெளியாட்களைப் பெயரில்லாமல் விடுவது இயல்பில் மூடியிருக்கும். பழைய கான்ஃபிக் கோப்பில் 'அலவ் அனானிமஸ் ட்ரூ' என்ற வரி இருந்தால் அதை எடுக்க வேண்டும். பாஸ்வேர்டும், செய்திகளை மறையாக்கும் டிஎல்எஸ்-உம் போட்டு, 1883-ஐ வெளியுலகுக்கு மூடிவிடுங்கள். அதுவரை ஏரேட்டரைக் கையால் போடுகிற சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது யாருடைய கேமரா லாகின் பக்கமோ வந்தது. வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, உரிமையாளருக்குச் சொல்லலாமா?
— நாகப்பட்டினம்

போட்டுப் பார்க்காதீர்கள். ஷோடனில் இருக்கும் பதிவைப் படிப்பது வேறு, அந்தக் கருவியில் பாஸ்வேர்ட் அடிப்பது வேறு. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கம் என்று கருதப்பட்டால் 66-ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். உதவத்தான் போனேன் என்பதைப் பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலைமை உங்களுக்கு வேண்டாம். ஐபி, போர்ட், டைம்ஸ்டாம்ப் மூன்றையும் குறித்து, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள். கட்டணமில்லா எண் 1800-11-4949. ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம். அதில் யாருடைய வீட்டு முற்றமோ இருக்கலாம்.

எங்கள் விடுதியின் முன்பதிவு சர்வருக்கு 'வல்ன்ஸ்' பட்டியலில் வரிசையாக சிவிஇ எண்கள் வருகின்றன. பராமரிப்பவர் 'எல்லாம் பேட்ச் செய்தாயிற்று, ஷோடன் தப்பாகச் சொல்கிறது' என்கிறார். யாரை நம்புவது?
— வேளாங்கண்ணி

இரண்டு பேர் சொல்வதையும் சரிபார்க்க முடியும். ஷோடன் பெரும்பாலும் பேனரில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்தப் பதிப்பில் இருந்த குறைபாடுகளை அப்படியே அடுக்குகிறது. உபுண்டுவும் டெபியனும் பதிப்பு எண்ணை மாற்றாமல் பேட்சை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள். அதனால் சரியாகப் பராமரித்த அப்பாச்சியும் வெளியிலிருந்து பழையதாகத் தெரியும். உங்கள் பராமரிப்பாளர் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் வாய்ச்சொல் போதாது. ஒவ்வொரு சிவிஇ பதிவிலும் 'வெரிஃபைடு' என்று ஒரு புலம் உண்டு. அது ட்ரூ என்றால் ஷோடன் அதைச் சோதித்தே பார்த்திருக்கிறது, உடனே கவனியுங்கள். மற்றவற்றுக்கு, சர்வரில் 'ஆப்ட் சேஞ்ச்லாக்' ஓட்டி அந்த சிவிஇ எண் அதில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பேட்ச் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. உபுண்டு பதிப்பே ஆதரவு முடிந்த ஒன்றாக இருந்தால், இந்த வாதம் செல்லாது.

பக்கம் பக்கமாக எடுக்கும்போது நிரல் பாதியில் நின்றுவிடுகிறது.
— மயிலாடுதுறை

ஏபிஐ விநாடிக்கு ஒரு கேள்வியைத்தான் ஏற்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவே ஒரு விநாடி தூங்கவிட்டு, 'ஏபிஐ எரர்' என்ற எக்ஸெப்ஷனைப் பிடித்துக் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பக்க எண்ணை நீங்களே கூட்டாமல் 'சர்ச் கர்சர்' பயன்படுத்தினால் லூப் சின்னதாகிவிடும். வந்ததை உடனுக்குடன் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுபடி தொடங்கும்போது அதே பக்கங்களுக்கு மறுபடி கிரெடிட் போகும்.

ஷோடனின் ஐபிகளை மட்டும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டால் போதுமா?
— பட்டுக்கோட்டை

போதாது. சென்சிஸ் போல வேறு தேடுபொறிகளும் இருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் உருவான சீமேப் என்ற ஸ்கேனரை வைத்து, நல்ல வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கலாம். போர்ட்டைத்தான் மூட வேண்டும்.

எங்கள் பள்ளிக்கு ஸ்டாட்டிக் ஐபி இருக்கிறது. தினமும் ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?
— பாபநாசம்

வேண்டாம். 'கிரியேட் அலெர்ட்'டில் பெயரும் ஐபியும் கொடுங்கள். திரும்பி வரும் அலெர்ட் எண்ணை வைத்து 'எனேபிள் அலெர்ட் ட்ரிகர்' மூலம் 'நியூ சர்வீஸ்', 'ஓபன் டேட்டாபேஸ்', 'வல்னரபிள்' மூன்றையும் போட்டுவிடுங்கள். உறுப்பினர் கணக்கில் 16 ஐபி வரை கண்காணிக்கலாம். புதிதாக ஒரு போர்ட் தெரிந்தால் மின்னஞ்சல் வரும். அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து பார்க்க யாராவது 3389-ஐத் திறந்துவிட்டால், அது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். அந்த மின்னஞ்சல் பள்ளியின் பொது முகவரிக்குப் போகாமல், ரூட்டர் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவருக்குப் போகும்படி வையுங்கள். ஸ்டாட்டிக் ஐபி மாறினால் அலெர்ட்டிலும் மாற்ற வேண்டும், தானாக மாறாது.