ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு டேப்லெட்டை எப்படி அறிமுகப்படுத்துவது? குழந்தைக்கு ஒன்று வீதம் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டியதில்லை. இரண்டு குழந்தைகளுக்கு ஒன்று போதும் என்பதோடு, இந்த வயதில் அப்படி இருப்பதே நல்லது என்பதும் என் அனுபவம். தொடக்கப் பள்ளியின் கீழ்வகுப்புகளில் 16 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அதில் கடைசி 6 ஆண்டுகள் வகுப்பில் டேப்லெட் இருக்கிறது. முதல் ஆண்டில் நான் செய்தவற்றில் பெரும்பாலானவை தவறு என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு டேப்லெட், காதில் ஹெட்போன், திரையில் கணக்குச் செயலி. வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், வகுப்பிலேயே அதிக நட்சத்திரங்கள் வாங்கியிருந்த சிறுவனின் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் வரும். அவன் கேள்வியைப் படிக்கவே இல்லை. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். பச்சை ஒளி வந்ததும் அடுத்த கேள்வி, அடுத்த நட்சத்திரம். பதினான்கிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று தாளில் எழுதிக் கொடுத்தபோது, என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனைக் குறை சொல்ல எதுவுமில்லை: செயலி அவனிடம் பச்சை ஒளியைத்தான் கேட்டது, அதை அவன் கொடுத்துவிட்டான். நான்தான் அந்த அமைதியைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு இருவருக்கு ஒன்று என்று மாற்றி, ஒரே ஒரு விதியை வைத்தேன். தொடுகிறவர் விடையை முடிவு செய்யக் கூடாது. முடிவு செய்கிறவர் திரையைத் தொடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்தால் இருவரும் இடம் மாற வேண்டும். இதனால், விடை சொல்லும் குழந்தை தன் மனத்தில் ஓடுவதை வாயால் சொல்லியே ஆக வேண்டியதாகிறது, தொடும் குழந்தையோ, கூட்டாளி சொன்னது சரியாகப் படாவிட்டால் கையை நீட்டாமல் "எப்படி?" என்று கேட்கிறது. அந்த ஒரு கேள்வி எந்தச் செயலியிலும் இல்லாதது. முதல் வாரம் முழுக்கச் சண்டைதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமி தன் கூட்டாளியின் விரலையே பிடித்து, தான் நினைத்த விடையில் வைத்து அழுத்தினாள். விதிப்படி அவள் திரையைத் தொடவில்லை!

கருவியைக் கொடுத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்ற நம்பிக்கை பெரிய அளவிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாடு 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வழங்கியது. கிராமப்புறப் பள்ளிகளில் செய்யப்பட்டு 2012இல் வெளியான மதிப்பீடு, கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தேர்ச்சி கூடவில்லை என்று கண்டது. இதற்கு நேர்மாறான சித்திரம் ஆப்பிரிக்க நாடான மலாவியிலிருந்து வந்தது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலா பிட்ச்ஃபோர்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழியிலேயே பேசும் கணக்குச் செயலியை 8 வாரங்கள் பயன்படுத்திய தொடக்க வகுப்புக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: இன்னொரு குழுவுக்கும் டேப்லெட் கொடுத்து, அதில் கணக்கு அல்லாத செயலிகளை மட்டும் வைத்தார்கள்; அந்தக் குழு கணக்கில் அவ்வளவு முன்னேறவில்லை. ஆகவே, புதுப்பொருள் கையில் கிடைத்த உற்சாகம்தான் காரணம் என்று தள்ளிவிட முடியாதபடி, எந்தப் பாடம் எந்த மொழியில் எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் முன்னுக்கு வருகிறது. அங்கே குழந்தைகள் தனித்தனியாகத்தான் பயன்படுத்தினார்கள் என்பது என் கருத்துக்கு எதிரானது போலத் தோன்றலாம். ஆனால், மிகப் பெரிய வகுப்புகளில் ஆசிரியரின் பார்வையே கிடைக்காத குழந்தைகளுக்கு அது ஒரு துணை; முப்பது பேர் உள்ள வகுப்பின் தேவை அதுவல்ல.

பாடச் செயலிகளைவிட எனக்கு அதிகம் உதவியவை, டேப்லெட்டில் முன்பே இருக்கும் ஒலிப்பதிவும் கேமராவும். குழந்தை ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யும். பிறகு புத்தகத்தில் விரல் வைத்தபடி தன் குரலையே கேட்கும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து வாசிக்கும் பழக்கம் இந்த வயதில் மிகுதி: 'மரத்தில்' என்று இருப்பதை 'மரம்' என்றும், 'பறவைகளை' என்று இருப்பதைப் 'பறவை' என்றும் வாசித்துக்கொண்டு போவார்கள். நான் பத்து முறை திருத்தியும் மாறாத ஒரு சிறுமி, தன் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது திடீரென நிறுத்தி, "டீச்சர், நான் கடைசியை முழுங்கிட்டேன்" என்று வந்து நின்றாள். கேமராவும் அப்படித்தான். கொடிக்கம்பத்தின் நிழலைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த வகுப்புக்கு நிழலைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் மிஞ்சவில்லை.

எழுத்து கற்பதற்கு மட்டும் டேப்லெட்டைப் பயன்படுத்தாதீர்கள். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளைச் சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றின் மேல் வரையவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் வைத்தது. பின்னர் ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்கு விழித்துக்கொண்டன. நம் எழுத்துகளின் சுழிகளை எண்ணிப் பாருங்கள். புள்ளிகளைத் தொட்டுப் போனால் போதும் என்று விட்டுவிடும் செயலியில், 'ஞ'வைத் தலைகீழாகத் தொடங்கி முடிக்கும் குழந்தைக்கும் கைதட்டல் கிடைக்கும். பென்சிலும் நோட்டுமே இதற்குச் சரி.

அறிமுகம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வாரம் செயலி எதையும் திறக்காதீர்கள். இரு கைகளாலும் தூக்கி வருவது, ஆசிரியர் பேசும்போது திரையைக் கவிழ்த்து வைப்பது, முடிந்ததும் அலமாரியில் சார்ஜரோடு இணைப்பது ஆகியவை மட்டும் பாடமாகட்டும். 40 நிமிட வகுப்பில், எடுப்பதற்கும் வைப்பதற்கும் பதினைந்து நிமிடம் போனால் மிஞ்சுவது என்ன? ஆறு வயதுக் குழந்தையிடம் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னால் அதுவே ஒரு வகுப்பைத் தின்றுவிடும். படத்தைத் தொட்டு உள்ளே நுழையும்படி அமைத்துவிடுங்கள். விளம்பரம் வரும் இலவசச் செயலிகள் வேண்டாம். நான்கைந்து செயலிகளுக்கு மேல் வைக்காமல், இணையத்தைத் துண்டித்தே கொடுங்கள்.

பெற்றோர் கேட்பது எத்தனை நிமிடம் என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன ஒரு மணி நேர வரம்பு 2 முதல் 4 வயது வரைக்கானது. பள்ளி வயதினருக்காக 2020இல் வந்த வழிகாட்டுதல், எண் எதுவும் தராமல், பொழுதுபோக்குத் திரைநேரத்தைக் குறைக்கச் சொல்கிறது. என் வகுப்பில் ஒரு முறைக்கு 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அதை வெளியே விளையாடும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைக்கிறேன், கண்கள் தொலைவைப் பார்க்கட்டும் என்று.

பள்ளி ஏற்கெனவே 30 வாங்கிவிட்டிருந்தாலும் வகுப்புக்குள் 15 மட்டும் வரட்டும். ஏதோ ஒன்று சார்ஜ் இல்லாமலோ அப்டேட்டில் சிக்கியோ நிற்காத நாளை நான் பார்த்ததே இல்லை. மீதி 15 அதற்கு உதவும்.