பனி நிலத்தில் ஒரு தலைநகரம்

வணக்கம் அண்ணா,

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுகளுக்காகக் காத்திருக்கிறேன். பொழுதுக்கு, நகரங்கள் அமைத்து நாடு வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 ஆடுகிறேன். தொடங்கும் நிலமாக எனக்கு வாய்ப்பதெல்லாம் தண்டரா என்ற குளிர்நிலமும் பாலைவனமும்தான். நேற்று மட்டும் பதினொரு தடவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். கடைசியாக வந்ததும் தண்டராதான்: ஒரு பக்கம் கடல், கொஞ்சம் காடு, இரண்டு மான். இதில் ஆடி வெல்ல முடியுமா, நல்ல நிலம் வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதா?

- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

அந்தக் கடைசி வரைபடத்தை அழித்துவிடாதீர்கள். அது ஆடவேண்டிய வரைபடம்.

முதல் சுற்றில் நம் கண்ணுக்குத் தெரிவது, நகரம் அமைக்கும் குடியேறியைச் சுற்றியுள்ள சில கட்டங்கள் மட்டுமே. முதலில் தரையின் நிறத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். ஆற்றோரம் நகரம் அமைத்தால் குடியிருப்பு (மக்கள் பெருக இடம்) 5, கடலோரம் 3, இரண்டும் இல்லாவிட்டால் 2. பச்சைப் புல்வெளியில் தண்ணீரின்றி அமைந்த நகரத்தின் வளர்ச்சி சீக்கிரமே முட்டி நின்றுவிடும். ஆறு தேடி இரண்டு சுற்று நடக்கலாம், நட்டமில்லை.

தண்டராவில் சாப்பாடு குறைவு என்பது உண்மை. ஆகவே தலைநகரைப் பெருநகராக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். காடும் மானும் உற்பத்தி தரும்; அதைக்கொண்டு குடியேறிகளை முந்தியே எடுத்து வெளியே அனுப்புங்கள். எங்கே அனுப்புவது என்ற விடையையும் அந்த நிலமே சொல்கிறது. தண்டரா துருவத்தை ஒட்டித்தான் வரும். அப்படியென்றால் வெப்பமான நிலம் எந்தத் திசையில் என்பது உங்களுக்கு முதல் சுற்றிலேயே தெரியும். சாரணனை நேரே அந்தப் பக்கம் விடுங்கள்.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. 'காட் கிங்' கொள்கை அட்டையை முதலிலேயே போட்டு, 25 நம்பிக்கைப் புள்ளிகள் (மதத்துக்கான புள்ளிகள்) சேர்ந்தவுடன் 'டான்ஸ் ஆஃப் தி அரோரா' என்ற தொடக்க வழிபாட்டை எடுங்கள். நகரத்தில் கட்டும் புனிதத் தலத்தை ஒட்டிய ஒவ்வொரு தண்டராக் கட்டமும் ஒரு நம்பிக்கைப் புள்ளி தரும். ஐந்து கட்டங்கள் சூழ்ந்தால் ஐந்து. பிறகு மதம் நிறுவி 'வேர்க் எதிக்' என்ற மதக் கோட்பாடு கிடைத்தால், அதே எண்ணிக்கை அந்த நகரத்தின் உற்பத்தியிலும் சேரும். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வெள்ளைத் தரை தொழிற்சாலையாக மாறுவதை ஒருமுறை கண்டுவிட்டால், பதினொரு தடவை அழிக்கக் கை வராது.

இதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே ஓர் உதாரணம் உண்டு. கொட்டாஞ்சேனையில் இருந்து கொழும்புத் துறைமுகம் கூப்பிடு தூரம். இயற்கை கொடுத்ததை மட்டும் பார்த்தால் இலங்கையின் முதல் துறைமுகம் திருகோணமலையாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொழும்பு தென்மேல் பருவக்காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு கிடந்த திறந்த கரை. பெரிய நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் நின்றன. 1875இல் கொழும்பில் தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது எழும்பியபின் கப்பல்கள் காலியை விட்டு இங்கே வந்தன. வெறும் கரையாக இருந்தாலும் கொழும்பு கப்பல் பாதையில் இருந்தது. கோப்பியும் தேயிலையும் மலையகத்திலிருந்து இறங்கும் வழியிலும் இருந்தது. நிலம் எதில் மோசம் என்பதோடு, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்று நான் இதைவைத்துத்தான் கற்றேன்.

எனக்கும் முன்பு உங்கள் பழக்கம் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. வெள்ளவத்தையில் யன்னலைத் திறந்துவைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பேன். மின்கலத்தில் நூற்றுக்கு முப்பது மிச்சம். அதை வைத்து நல்ல நிலம் தேடிக்கொண்டிருக்க முடியாது. வந்த பாலைவனத்தை அப்படியே ஆடினேன். நாற்பதாவது சுற்றில் மின்கலம் தீர்ந்தபோது எனக்கு நாலு நகரங்கள் இருந்தன. மின்சாரம் எப்போது வரும் என்று அன்று காத்திருந்தது அந்த நாலு நகரங்களுக்காகத்தான்.

எல்லா வரைபடத்தையும் ஆடியே தீரவேண்டும் என்று சொல்லமாட்டேன். மிகக் கடினமான 'டெய்ட்டி' நிலையில், கணினி ஆடும் ஒவ்வோர் எதிராளியும் மூன்று குடியேறிகளோடு தொடங்குகிறார். ஒடுங்கிய நிலமுனையில் நீங்கள் இருந்து, அப்படிப்பட்ட இருவர் வாசலிலேயே நின்றால் நானும் அழித்துவிடுவேன். அது அயலவரால் வரும் கேடு.

உங்கள் வரைபடத்தில் அயலவர் யார் என்று எழுதவில்லையே? நூறாவது சுற்றுவரை ஆடிவிட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை நகரங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.