பனிப்படலத்தில் முகாம் அடித்து ஐஸ் தோண்டி எடுப்பது வீண் செலவா?

"கிறீன்லாந்தில் முகாம் அடித்து ஐஸைத் துளைத்து எடுக்கிறார்களே, வெறும் தண்ணிதானே, எதற்கு இவ்வளவு காசு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஐஸை ஃபிரிட்ஜில் மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன். நான் திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஃபக்டரியில் பல வருசமாக நிற்கிறவன். விஞ்ஞானி இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஐஸ் வெறும் தண்ணி இல்லைத் தம்பி. தகர அச்சில் தண்ணியை ஊற்றி உப்புத்தண்ணித் தொட்டிக்குள் இறக்கியதும், குழாய் விட்டுக் காற்று ஊதி அசைத்துக்கொண்டே இருப்போம். இல்லாவிட்டால் தண்ணியில் கரைந்திருக்கிற காற்று போக வழியில்லாமல் குமிழி குமிழியாக மாட்டி, கட்டியின் நடு வெள்ளையாகிவிடும். கிறீன்லாந்து மாதிரி இடங்களை மூடிக்கிடக்கிற பெரிய பனிப்படலத்திலும் காற்று மாட்டுகிறது, ஆனால் வேறு விதமாக. விழுகிற பனி கரையாமல் வருசக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, இடையில் இருக்கிற காற்று ஏறக்குறைய 60 முதல் 100 மீற்றர் ஆழத்தில் அடைபட்டுவிடும். அந்தாட்டிக்காவில் டோம் சி என்ற இடத்து ஐஸில் 8 லட்சம் வருசத்துக் காற்று கிடைத்தது. அவ்வளவு காலத்திலும் பூமியைச் சூடாக்குகிற காபனீரொட்சைட்டு வாயு காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை, இப்போது 420 ஐயும் தாண்டிவிட்டது. இதை வேறு எங்கே போய் அளப்பது?

வேலையும் லேசில்லை. கிறீன்லாந்துப் பனிப்படலத்தின் உச்சியில் 1993 இல் 3,000 மீற்றருக்கும் கீழே போய்த்தான் பாறையைத் தொட்டார்கள். இடைப்பட்ட ஆழத்து ஐஸை மேலே எடுத்தால், உள்ளே அமுக்கத்தில் கிடந்த குமிழிகளால் அது வெடித்துச் சிதறும். அதனால் பனிக்குள் தோண்டிய குளிரான அறையில் மாதக்கணக்கில் போட்டுவைத்துத்தான் அறுப்பார்கள். தொட்டியிலிருந்து எடுத்த கட்டியை உடனே சாதாரணத் தண்ணியில் முக்கினால் சடசடவென்று வெடிப்பு ஓடுமே, அதைத் தினம் பார்க்கிறவனுக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

சரி, காசு என்றீர்கள். ஐஸுக்குக் காசு கொடுக்க இங்கே யாருக்கும் மனமே வராது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. பாதி உறைந்த கட்டிகளைப் பார்த்துக்கொண்டு இரவிரவாக முழித்திருந்தோம். கடலில் மீன் பழுதானதும் ஒரு படகு முதலாளி வந்து, நாங்கள் வேண்டுமென்றே மட்டமான ஐஸ் கொடுத்ததாகச் சந்தியில் நின்று கத்தினார். கரண்ட் இல்லாததற்கு வேலையாள் என்ன செய்வான்? அந்த லோட்டுக்கான காசை அவர் கடைசிவரை தரவேயில்லை, அது எங்கள் சம்பளத்தில்தான் பிடிபட்டது.