பாரிட்டோன் கித்தார் வாங்குமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் மூவர் சேர்ந்து திருமண விருந்துகளிலும் கோயில் பஜனைகளிலும் வாசித்து வருகிறோம். எங்களிடம் பாஸ் கித்தார் வாசிப்பவர் இல்லை. 27 அங்குல ஸ்குவையர் கப்ரோனிட்டா பாரிட்டோன், 29.75 அங்குல கிரெட்ச் ஜெட் பாரிட்டோன் ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பாரிட்டோன் என்பது சாதாரண கித்தாரைவிடக் கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் கித்தார். நீங்கள் குறிப்பிட்டுள்ள அங்குலக் கணக்கு, நட்டிலிருந்து (கழுத்தின் முனையில் தந்திகள் அமரும் பள்ளமிட்ட பட்டை) பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) வரை தந்தி அதிரும் நீளத்தைக் குறிக்கிறது. இரண்டு கருவிகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அதில்தான் இருக்கிறது. ஃபெண்டர் வகைச் சாதாரண கித்தாரில் இந்த நீளம் 25.5 அங்குலம். பாரிட்டோனைப் பெரும்பாலும் பி, இ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்று, அதாவது ஐந்து அரைச்சுரம் கீழே சேர்ப்பார்கள். அப்போது தடித்த தந்தியின் அதிர்வு 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 61.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சுருதி இறங்கினால் தந்தி தொய்யும் என்பதால், தந்தியைத் தடிமனாக்க வேண்டும் அல்லது நீளத்தைக் கூட்ட வேண்டும். பாரிட்டோனில் இரண்டையும் செய்கிறார்கள். ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால் அதன் இறுக்கம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே 25.5 அங்குலத்தைக் காட்டிலும் 27 அங்குலத்தில் சுமார் 12 விழுக்காடும், 29.75 அங்குலத்தில் சுமார் 36 விழுக்காடும் இறுக்கம் அதிகம். நீளமான கருவியை ஏ வரை இறக்கினாலும் தந்தி எளிதில் குழையாததற்கு இதுவே காரணம்.

அந்த நீளத்துக்கு இடக்கை ஈடுகொடுக்க வேண்டும். முதல் நான்கு ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள்) அடைக்கும் இடம் சாதாரண கித்தாரில் ஏறத்தாழ 134 மில்லிமீட்டர், 27 அங்குலக் கருவியில் 141, 29.75 அங்குலக் கருவியில் 156. கடையில் உட்கார்ந்து ஜி கார்டையும் (கார்டு என்பது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு), ஒரே விரலால் தந்திகளைக் குறுக்காக அழுத்தும் எஃப் பார் கார்டையும் மாற்றி மாற்றிப் பத்து நிமிடமாவது வாசித்துப் பாருங்கள். ஒரு விருந்து முழுவதும் உங்கள் மணிக்கட்டு தாங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கார்டுகளே பெரும்பங்காக இருக்கும் உங்கள் குழுவுக்கு 27 அங்குலமே பொருந்தும் என்பது என் கருத்து. பஜனையில் பாடுபவருக்கு 1 கட்டை சுருதி என்றால், முதல் ஃபிரெட்டில் கேப்போவை (தந்திகள் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) பூட்டி இ கார்டின் விரலமைப்பைப் பிடியுங்கள். சி கார்டு கனமாக ஒலிக்கும். 2 கட்டைக்குக் கேப்போவே வேண்டாம். ஜி விரலமைப்பிலேயே டி கிடைத்துவிடும். ஆனால் ஆறு தந்திகளையும் ஒருசேர மீட்டினால் கீழ்ச்சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். தடித்த இரு தந்திகளை அடிச்சுரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கார்டை மற்ற நான்கில் வாசிப்பது நல்லது. தனித்தனிச் சுரங்களாக மெட்டு வாசிப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், தயங்காமல் கிரெட்சை எடுக்கலாம்.

பாஸ் இல்லாத குறை எதனாலும் முழுமையாகத் தீராது. பாஸ் கித்தாரின் தடித்த தந்தி 41.2 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பாரிட்டோன் அவ்வளவு கீழே இறங்காது. டேன்எலக்ட்ரோ 1956-இலும் ஃபெண்டர் 1961-இலும் வெளியிட்ட ஆறு தந்தி பாஸ் கருவிகள் சாதாரண கித்தாருக்கு ஒரு முழு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. தோற்றத்தில் பாரிட்டோனைப் போல இருப்பதால் சில கடைகளில் இரண்டையும் ஒன்றாகவே மாட்டி வைத்திருப்பார்கள். எந்தச் சுருதிக்கான கருவி என்று கேட்டுத் தெளிந்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் 25.5 அங்குலக் கித்தாரிலேயே தடித்த தந்தி போட்டு பி வரை இறக்க முடியாதா?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: முடியும், ஆனால் தந்தியை மாற்றுவதோடு வேலை முடியாது. வழக்கமான தந்திக் கட்டு 0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன் உடையது. பாரிட்டோன் கட்டு பெரும்பாலும் 0.014 முதல் 0.068 வரை வரும். இதற்கு நட்டின் பள்ளங்களை அரத்தால் அகலப்படுத்த வேண்டும். பிறகு பழைய தந்திகள் அதில் சரியாக உட்காரா. தடித்த தந்தி முறுக்காணியின் துளையில் நுழைகிறதா என்றும் பாருங்கள். பிரிட்ஜில் அந்தத் தந்தி அமரும் சிறு துண்டான சேடிலைப் பின்னுக்குத் தள்ளினால்தான் 12ஆம் ஃபிரெட்டில் சுருதி சரியாக நிற்கும். திருகில் அதற்கு இடமில்லாத கருவிகளும் உண்டு. டி அல்லது சி ஷார்ப் வரை மட்டும் இறக்குவதானால் சற்றே தடித்த தந்திகள் போதும், பாரிட்டோனே தேவையில்லை. பி வரை நிரந்தரமாக இறக்குவதானால், நட்டில் அரம் போட நான் சொல்ல மாட்டேன். தனிக் கருவி வாங்குவதே மேல்.

கேள்வி: 29.75 அங்குலக் கருவிக்கு எந்தத் தந்தி வாங்கினாலும் எட்டுமா?
- வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: எட்டாமலும் போகலாம். தடித்த தந்தியின் சுற்றுக்கம்பி நட்டைத் தாண்டி முறுக்காணி வரை குறையாத தடிமனோடு செல்ல வேண்டும். சாதாரண கித்தாருக்கான நீளத்தில் செய்த தந்தி நடுவிலேயே மெலிந்துவிடக்கூடும். தந்தியை உடலின் பின்புறத்திலிருந்து கோக்கும் கருவிகளுக்கு இன்னும் கூடுதலான நீளம் வேண்டும். உறையில் பாரிட்டோன் என்று இருந்தால் மட்டும் போதாது. எத்தனை அங்குலம் வரை பொருந்தும் என்பதையும் படியுங்கள். வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து தருவிப்பதானால், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் நடப்பிலுள்ள 10 விழுக்காடு விற்பனை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஒரே முறையில் இரண்டு மூன்று கட்டுகளாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.